உறைவிட நல்கையும் கருப்பொருளும்

மோசிகீரனாரைத் தமிழாசிரியர் எவரும் மறந்திரார். வழி நடந்த களைப்பால், முரசு வைக்கும் கட்டில் இன்னதென்று அறியாமல் அதன்மேற் படுத்து உறங்கிவிட்டார் அப்புலவர். முறைப்படி வாளுக்கு இரையாக வேண்டியவர். முரசை நீராட்டிக் கொண்டுவந்த நேரத்தில் அதனைக் கண்ட தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, வாளை வைத்துவிட்டு விசிறியை எடுத்து வீசிக்கொண்டு நின்றான். புறநானூற்று 50ஆம் பாட்டு இந்நிகழ்ச்சியில் பிறந்தது. வகுப்பில் இதை நடத்தும்போது மன்னனின் தமிழ்ப்பற்றைச் சொல்லி மேலே போய்விடுவது நம் வழக்கம். நான் இங்கே சுட்ட விரும்புவது வேறொரு செய்தி. விசிறிய மன்னன், எழுந்த புலவரிடம், 'இன்ன பொருளைப் பற்றிப் பாடுக' என்று கேட்டதாக அப்பாட்டில் இல்லை.

இக்காலத்தில் அந்த விசிறியை நிறுவனங்கள் கையில் ஏந்தி நிற்கின்றன. ஓவியர், இசைவாணர், எழுத்தாளர், பண்பாட்டு ஆய்வாளர் ஆகியோர்க்குத் தங்க ஓர் இடம், வேலை செய்ய ஓர் அறை, செலவுக்கு ஒரு தொகை, இவற்றையெல்லாம்விட அரிதாகிய ஓய்வான காலம் ஆகியவற்றைச் சில கிழமை முதல் ஓராண்டு வரை தருகின்றன. இதனை 'உறைவிட நல்கை' என்று குறிப்பிடுவேன். இவற்றுள் பல, ஆண்டுக்கு ஒரு தலைப்பையும் அறிவிக்கின்றன. ஓராண்டு 'நினைவு'; மற்றோராண்டு 'நீர்'; பின்னொரு முறை 'புலம்பெயர்வு'. விண்ணப்பிப்பவர் தம் பணி அத்தலைப்போடு எவ்வாறு பொருந்துகிறது என்று எழுதிக் காட்ட வேண்டும்.

இத்தலைப்பைத் தமிழில் 'கருப்பொருள்' என்று எழுதி வருகிறோம். தொல்காப்பியம் பயின்றவர்க்கு இச்சொல் சற்று உறுத்தும். அங்கே கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலாக ஒரு நிலத்தில் கண்ணாற் காணவும் காதாற் கேட்கவும் கிடைக்கும் பொருள்கள். இன்றோ அலுவலக அறையில் ஒரு குழுவினர் கூடித் தேர்ந்தெடுக்கும் கருத்துச் சொல் ஒன்று அப்பெயரைப் பெற்றிருக்கிறது. சொல் பொருள் மாறுவது இயற்கையே. அதற்காக எவரையும் நோக வேண்டுவதில்லை. ஆயினும் இவ்விரு பொருளுக்கும் இடையேயுள்ள தொலைவு, இந்நல்கைகளின் நன்மை தீமைகளை எடைபோட எனக்குப் பெரிதும் உதவுகிறது.

இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு என் பழைய மாணவன் ஒருவனே காரணம். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி வாசித்து வளர்ந்தவன், இப்போது ஆசிரியன். அயல்நாட்டு உறைவிட நல்கை ஒன்றின் விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அவ்வாண்டின் தலைப்பு கடலைப் பற்றியது. "சார், என் உறுமியில கடல் எங்க சார் இருக்கு?" என்றான். நான் சிரித்துவிட்டேன். பின்னர், "எழுதிடலாம் சார். எங்க பாட்டன் கப்பல்ல வந்தப்போ உறுமியைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாருன்னு எழுதிட்டா என்ன?" என்று கேட்டான். அவன் பாட்டன் எதைக் கொண்டுவந்தார் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டுரைத் தலைப்புக் கொடுத்தே வயதான எனக்கு இது புதிதன்று. 'கடற்கரையில் ஒரு நாள்' என்று தலைப்பிட்டால், கடலையே பாராத பிள்ளை வெண்மணலையும் அலையையும் மாதிரிக் கட்டுரையிலிருந்து எடுத்துப் பத்தி பத்தியாக எழுதிவிடும். பிழையிராது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஒருமுறை 'மழை' என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பது பிள்ளைகளும் மயிலை ஆடவிட்டார்கள். ஒரு பையன் மட்டும், மழை பெய்தால் அன்று மரம் சீவ முடியாது, அம்மா வீட்டில் இருப்பார், ஆனால் சம்பளம் வெட்டு என்று ஆறு வரி எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகளுக்காக அவனுக்கு மதிப்பெண் குறைத்தவன் நானே. தலைப்புக் கொடுப்பவரின் பிழை பெரும்பாலும் இப்படித்தான், திருத்தும் மேசையில் நிகழ்கிறது.

தலைப்புக் கொடுத்துக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை மிகப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1666இல், உரோமாபுரியில் பிரெஞ்சுக் கலைக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. 1803 முதல் அது மெதிச்சி மாளிகையில் இயங்குகிறது. அங்குச் சென்று உறையும் பேறு 'உரோமைப் பரிசு' வென்ற இளைஞர்க்கே உரியதாக இருந்தது. போட்டியாளரைத் தனித்தனி அறையில் அடைத்துவைத்து, ஒரே தலைப்பைக் கொடுத்து, ஓவியமோ இசையோ படைக்கச் செய்வார்கள். தலைப்பு பெரும்பாலும் விவிலியத்திலிருந்தோ கிரேக்க உரோமப் பழங்கதையிலிருந்தோ வரும்.

தாவீது என்னும் ஓவியர் மூன்று முறை தோற்று 1774இல் வென்றார். தெலக்ருவா வெல்லவே இல்லை. இசைவாணர் பெர்லியோசின் கதை இன்னும் சுவையானது. 1829இல் கிளியோபாத்ராவின் இறப்பு பற்றிய பாடலைத் தம் மனம் போனவாறே துணிந்து அமைத்தார். நடுவர்கள் திகைத்து, அவ்வாண்டு முதற்பரிசையே எவருக்கும் தராது நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு நடுவருக்கு ஏற்ப அடக்கி எழுதினார்; பரிசு கிடைத்தது. பரிசு வாங்கித் தந்த அந்த இசையில் பெரும்பகுதியை அவரே பின்னாளில் அழித்துவிட்டார். அவரை இன்று அறிவிக்கின்ற 'விந்தைச் சிம்பொனி'யும் அதே 1830ஆம் ஆண்டில் பிறந்ததுதான். அதற்குத் தலைப்புக் கொடுத்தவர் எவருமில்லை. 1905இல் இரவேல் முதற்சுற்றிலேயே தள்ளப்பட்டார். இறுதிக்குத் தேர்ந்தவர் அனைவரும் நடுவருள் ஒருவரின் மாணவர் என்று தெரிந்தபோது பாரிசு நகரமே கொதித்தது. இசைக் கல்லூரியின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 1968இல் அப்போட்டி முறை ஒழிக்கப்பட்டது. மாளிகையில் உறைவோர் இன்றும் உண்டு. அறையில் அடைக்கும் தேர்வுதான் இல்லை.

இதைக் கொண்டு, தலைப்பு என்பதே தீது என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? கூறலாகாது. நம் புலவர்கள் ஈற்றடி கொடுத்தால் அவ்விடத்திலேயே பாடி முடித்தவர்கள். காளமேகத்திற்குக் கொடுக்கப்பட்ட விந்தைத் தலைப்புகளைப் பற்றி வழங்கும் கதைகள் எத்தனை! ஆனால் அது வித்தை. சில நொடியில் அரங்கேறி முடிவது. ஓராண்டு வாழ்வை ஒரு தலைப்பின்கீழ் ஒப்படைப்பது அத்தகையதன்று.

தலைப்பும் உறைவிடமும் பொருந்திப் பயன் விளைந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டி 1976இல் மறைந்த பால் கெட்டி விட்டுச் சென்ற செல்வத்தால் இயங்குவது, அமெரிக்காவில் இலாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கெட்டி ஆய்வு நிலையம். கலை வரலாற்றறிஞரையும் கலைஞரையும் அழைத்து ஒருங்கே தங்கவைக்கும் திட்டத்தை அது 1985 முதல் நடத்தி வருகிறது. ஆண்டுதோறும் ஒரு தலைப்பு உண்டு. 2019–20இல் 'கலையும் சூழலியலும்'. 2022–23இல் 'கலையும் புலம்பெயர்வும்'. 1997–98இல் 'உணர்ச்சிகளைச் சித்திரித்தல்' என்பது தலைப்பு. அவ்வாண்டு அழைக்கப்பட்டவருள் ஒருவர் காணொளிக் கலைஞர் பில் வயோலா. 1951இல் பிறந்து 2024 சூலையில் மறைந்தவர்.

அந்த உறைவின் பயனாக விளைந்தது 'உணர்ச்சிகள்' என்னும் படைப்பு வரிசை. அதனுள் ஒன்று, 2000ஆம் ஆண்டில் செய்த 'வியப்புற்ற ஐவர்'. ஐந்து பேர் நெருங்கி நிற்கிறார்கள். பேச்சில்லை. ஏறக்குறைய ஒரு நிமிட நடிப்பு, 15 நிமிட அளவுக்கு நீண்டு ஓடுகிறது. ஒருவர் முகத்தில் துன்பம் எழுவதற்கு முன் அவர் தொண்டை அசைவதைக் காண்கிறோம். மற்றொருவர் கண்ணிமை மூடுவதற்கே பெரும்பொழுது ஆகிறது. பழைய ஓவியர் பாஷ் தீட்டிய, இயேசுவை இகழ்வோர் சூழ்ந்து நிற்கும் படத்தைப் பார்த்து எழுந்த படைப்பு அது. நான் இதன் பகுதிகளைக் கணினித் திரையில் சிறிதாகப் பார்த்தவன்தான். பெருந்திரையில் கண்டவர் இன்னும் மிகுதியாகக் கண்டிருப்பர். எனினும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நடத்தும் ஆசிரியர் எவரும் இதனைத் தேடிப் பார்ப்பாராக என்று வேண்டுவேன். உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலப்படுவதே மெய்ப்பாடு என்று உரையாசிரியர்கள் விளக்கும் இடத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி நாம் அலுத்திருக்கிறோம். அந்தப் புலப்பாடு இங்கே மயிரிழை மயிரிழையாகப் பிரித்துக் காட்டப்பட்டுள்ளது.

இத்தலைப்பு ஏன் பலித்தது? வயோலாவுக்கு அது அயலதாக இருக்கவில்லை என்பது முதற்காரணம். 1991இல் தாயை இழந்தவர். அவர் இறந்துகொண்டிருந்த காட்சியையும் ஒரு பிள்ளைப்பேற்றையும் அருகருகே வைத்து 1992இல் 'நாந்து முப்படம்' என்னும் படைப்பைச் செய்திருந்தார். தந்தை நோயில் கிடந்த நாளில், சிகாகோ கலைக்கூடத்தில் அழும் அன்னையின் பழைய ஓவியம் ஒன்றின்முன் நின்று தாமும் அழுததாகச் சொல்லியிருக்கிறார். தந்தை 1999இல் இறந்தார். ஆகவே தலைப்பு அவரைத் தேடி வந்தபோது அவர் ஏற்கெனவே அதற்குள் நின்றார்.

இரண்டாவது காரணம், அவ்விடத்தின் பழைய பொருளிலான கருப்பொருள். பழம்படங்களும் நூல்களும் அருகில் இருந்தன. படங்களைப் பற்றிப் பேசும் அறிஞர் உடன் உறைந்தனர். மூன்றாவதைத்தான் நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன்: உறைவு நிகழ்ந்தது 1998இல், அப்படைப்புகள் கெட்டி அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது 2003இல். ஐந்தாண்டு இடைவெளி. உடன் உறைந்த அறிஞர் கட்டுரைகளின் தொகுப்பும் அதே 2003இல்தான் நூலாயிற்று. உறைவு முடிவதற்குள் விளைச்சலைக் கொட்டு என்று களத்தில் நின்றிருந்தால் இவை கிடைத்திருக்குமா?

குறையும் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் வகுக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவதும், உற்றாரையும் உடைமையையும் இழப்பதும், முன்னிருந்த நிலை கெட்டு வருந்துவதும், உண்ணவும் உடுக்கவும் இல்லாமையும் அழுகைக்கு இடமாம். வயோலாவின் மாந்தர் அழுகிறார்கள். எதற்கு என்பது காட்டப்படுவதில்லை. 2002இல் செய்த படைப்பொன்றில் மக்கள் வரிசையாக முன்வந்து எதையோ பார்த்துத் துயருற்றுத் திரும்புகிறார்கள்; அவர்கள் பார்த்தது நமக்குத் தெரிவதில்லை. இதனைப் பெருமையாகக் கூறுவோர் பலர். எவர்க்கும் பொதுவான துயர் என்பார்கள். நிலைக்களன் இல்லாத மெய்ப்பாடு அரை மெய்ப்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. சம்பளம் வெட்டியதற்காக அழுபவளின் முகமும், தாய் இறந்ததற்காக அழுபவளின் முகமும் ஒன்றாகவா இருக்கும்? 'உணர்ச்சி' என்று ஒரு பொதுச்சொல்லைத் தலைப்பாக வைத்ததன் நிழல் இதில் விழுந்திருக்கக்கூடும்.

தலைப்பு செவியை அடைத்துவிடுவதை நேரிலும் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறைவிட நல்கை பெற்ற ஆய்வாளர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நல்லவர்; உழைப்பாளி. அவருடைய தலைப்பு இழப்பும் நினைவும். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பாதி லயங்கள் காலியாகிவிட்ட இடமாதலால், தமக்கு வேண்டியது இங்கே நிறையக் கிடைக்கும் என்று நம்பி வந்தார். நானே அவரை ஒரு பாட்டியிடம் அழைத்துச் சென்றேன். எண்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் சாவு வீடு எதுவானாலும் அவர் குரலில்லாமல் பாடை எழும்பாது.

"பாட்டி, ஓர் ஒப்பாரி பாடுங்கள்" என்று கேட்டார் வந்தவர்.

"பொணம் இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கக்கூடாதும்மா. ஆகாது" என்றார் பாட்டி.

வந்தவர் மிகவும் கெஞ்சினார். பாட்டி இரங்கி, "வேற பாடுறேன், கேளு" என்று சொல்லி, நிறைக்கு நின்ற பெண்கள் பழைய கங்காணி ஒருவரைக் கேலி செய்து பாடும் பாட்டைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே சிரிப்பு. அப்போது, ஒலிப்பதிவுக் கருவியை ஆய்வாளர் மெல்ல நிறுத்துவதைப் பார்த்தேன். பின்னர்க் கேட்டதற்கு, "ஐயா, இது என் தலைப்புக்குள் வராது" என்றார்.

நகையைத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டுள் முதலாவதாக வைத்தார். அதன் நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். அதிகாரம் செய்தவனை எள்ளி நகைத்துத்தான் எங்கள் பெண்கள் அந்த வாழ்வைத் தாங்கினார்கள் என்றால், இழப்பின் வரலாற்றில் அச்சிரிப்புக்கு இடமில்லாமற் போனது எப்படி? பாட்டி அடுத்த ஆண்டே காலமானார். அப்பாட்டு முழுதும் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் இப்போது இல்லை. அன்று பதிவான பகுதியின் படியொன்றைப் பள்ளிக்கு அனுப்பும்படி இரண்டு முறை எழுதிக் கேட்டோம், வரவில்லை. அந்த ஆய்வாளரைக் குறைகூறி என்ன பயன்? இறுதி அறிக்கையில் தலைப்புக்குப் புறம்பானதைச் சேர்த்தால் கேள்வி வரும் என்று அவர் அஞ்சினார். நானாவது அன்று என் கைத்தொலைபேசியில் அதைப் பதிந்திருக்கலாம். செய்யவில்லை.

தலைப்பே இல்லாமலும் இவை நடைபெற்று வருகின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் 1907 முதல் உள்ள மெக்டவல் உறைவிடத்தில், காட்டுக்குள் சிறு குடில்கள். நண்பகலில் உணவுக்கூடையை ஓசையின்றி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். குடிலில் உறைந்தவர் தம் பெயரைப் பலகையில் எழுதிவிட்டுச் செல்வது மரபு. நம் நாட்டிலேயே, சிலாங்கூரில் குவாங் என்னுமிடத்தில், கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரியும் அவர் துணைவியார் ஏஞ்சலாவும் 1994 முதல் 'ரிம்புன் டாஹான்' என்னும் தம் இல்லத்தோட்டத்தில் ஓவியரைத் தங்கவைத்து வந்துள்ளனர். தொடக்கத்தில் ஆண்டுக்கு மலேசியர் ஒருவரும் ஆஸ்திரேலியர் ஒருவரும் அங்கு உறைந்தனர். 14 ஏக்கர்; இம்மண்ணுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் உரிய மரஞ்செடிகள். மரமும் புள்ளுமாக, தொல்காப்பியர் கருத்துப்படி அங்கே கருப்பொருள் நிரம்ப உண்டு. தமிழிளைஞர் எத்தனை பேர் இத்தகைய இடங்களின் பெயரையாவது அறிவர் என்று நம் ஆசிரியர்கள் தம் வகுப்புகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். அறியாமைக்கு அவர்களை மட்டும் பொறுப்பாக்க முடியாது. விண்ணப்பம் ஆங்கிலத்தில், கேள்விகள் ஆய்வுக்கழக நடையில். உறுமியைத் தோலும் மரமுமாக அறிந்தவன், அதனைக் 'கருத்துநிலையில்' விளக்கு என்றால் விழிக்கிறான்.

தேர்வு செய்வோர் விண்ணப்பத்தைப் பார்க்கிறார்கள்; ஆளைப் பார்ப்பதில்லை. புறநானூற்றின் 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் சினந்தது இதற்குத்தானே? அதியமான் தம்மைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, தாம் வாணிகம் செய்ய வந்தவரல்லர் என்றார். தகுதி அறிந்து தருவது தினையளவாயினும் போதும் என்றார். தொகை பெரிது என்பதற்காக அவர் தணியவில்லை. இன்றைய நல்கையாளரிடம் நான் வேண்டுவது இதுவே. தலைப்பு வைப்பீராயின், அதற்குப் புறம்பாகக் கிடைப்பதையும் பதிந்துகொள்ளலாம் என்று விதியிலேயே எழுதிவைப்பீராக. ஓராண்டுக்குள் படைப்பை ஒப்படை என்று நெருக்க வேண்டா. எவ்வூரில் சேகரித்தாலும் அவ்வூர்ப் பள்ளிக்கு ஒரு படி சேர வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலோ மலாயிலோ பேசி அனுப்பவும் இடந்தருக.

என் மாணவனிடம், பாட்டன் உறுமியைக் கப்பலில் கொண்டுவந்த கதையை எழுதவேண்டா என்று சொன்னேன். கிடைக்காமற் போய்விடுமே என்றான். போகலாம் என்றேன், எனக்கும் அது எளிதாக இல்லை. இப்போது படிவத்தில், மூன்று தோட்டங்களில் உறுமி வாசித்த முதியவர் இருவரிடம் கற்க வேண்டிய கொட்டுகள் எவை, அவர்கள் வாழும் காலத்திலேயே அவற்றைக் கற்க வேண்டியது ஏன் என்று எழுதியிருக்கிறான். கடலைப் பற்றிய கட்டத்தில், தன் கொட்டுகளுள் எவை கடல் கடந்து வந்தவை, எவை இங்கே பிறந்தவை என்பது தனக்கு இன்னும் தெரியாதென்றும், அதைக் கேட்டறியவே காலம் வேண்டுமென்றும் ஒரு வாக்கியம். முடிவுநாள் இம்மாத இறுதி. ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.